பட்டியலில் இல்லாத அக்கா

போனை எப்படி அடக்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டு இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். பிளவுஸ் தைக்கத் தரும்போது கேட்கிறார்கள். வாங்கிப்போக வரும்போதும் கேட்கிறார்கள். பிழை என்னுடையதுதான். இரண்டு மாதமாக அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது கேட்டால், துணியை விரியுங்கோ பாப்பம் என்று கதையை மாற்றிவிடுகிறேன். அவர்களிடம் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலையில் உள்துறைமுகத்துக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மெசின், துணி வெட்டுகிற மேசை, வருகிறவர்கள் இருக்க இரண்டு கதிரை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலைக்கு விடியவே போய்விடுவார். மகன் கட்டாரில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் தைக்க வந்த பெண்களின் வாயிலிருந்து படித்ததுதான். அளவெடுக்கிற நேரத்தில் பெண்கள் கதைப்பதுபோல வேறெங்கும் கதைக்கமாட்டார்கள். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நிற்கிற ஆளுக்குப் பொய் சொல்ல வராது போலிருக்கிறது.

போன் மகன் வாங்கி அனுப்பியது. சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் அது எனக்குச் சோறு போட்டது. கழுத்து வெட்டில் ஏழு புது மாதிரி அதைப் பார்த்துத்தான் பழகினேன். நிலாவெளியில் இருக்கிற ஒரு பெண் தன் வீட்டிலிருந்தபடியே சாறியைப் படம் எடுத்து அனுப்புவாள். நூல் வாங்கி வைத்துவிடுவேன். பிறகு, கழுத்து வெட்டுப் பார்க்கப் போன கண் அங்கேயே நிற்கவில்லை. யாரோ ஒருத்தி மலேசியாவில் மீன் பொரிக்கிறாள், யாரோ ஒருவனுடைய பூனை தும்முகிறது, ஒரு மாமியும் மருமகளும் சண்டை பிடிக்கிறார்கள். ஒன்று முடிய மற்றது தானாக வரும். தலை நிமிர்ந்தால் வெயில் முற்றத்தைத் தாண்டியிருக்கும்.

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா ஒருநாள் படலையில் மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தே சொன்னாள்: "போனும் கருவாட்டுச் சட்டியும் ஒண்டு, பிள்ளை. மூடி வைச்சாலும் மணம் வந்து இழுக்கும்." வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் இடுப்பில் கட்டுகிற புதுச் சாரம் இரண்டு ஓரமும் மூட்டித் தைக்காமல் ஒரு மாதமாக அலுமாரியில் கிடந்தது. தையல்காரி வீட்டுக்காரனுக்குத்தான் சாரம் மூட்ட ஆளில்லை என்று துறைமுகத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில், அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். அத்தான் செத்து ஒன்பது வருசம். ஒரே மகள் கனடாவில். சண்டைக் காலத்தில் அந்த வீட்டை விட்டு அக்கா இரண்டு தரம் உடுத்த சீலையோடு ஓடியிருக்கிறாள், இரண்டு தரமும் திரும்பிப் போயிருக்கிறாள். இரண்டாம் தரம் போனபோது கூரை இல்லை, கதவுநிலை கூட இல்லை. சுவரில் வளர்ந்திருந்த ஆலங்கன்றைத் தன் கையால் பிடுங்கிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாளாம். மூன்றாம் தரம் இந்த வீட்டை விட்டு நடந்து போகமாட்டன், தூக்கிக்கொண்டுதான் போகவேணும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

போன வருசம் அக்காவுக்கு ஒருநாள் தலைசுற்றி விழப்பார்த்தது. மகள் கனடாவிலிருந்து ஒற்றைக் காலில் நின்றாள்: வீட்டைப் பூட்டுங்கள், அம்மாவை டவுனில் யாரிடமாவது விடவேண்டும். அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். நான்தான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான் அது: ஒரு தரம் அடித்துவிட்டு வெட்டிவிடுவது. மீன்பிடிக்கப் போனவர் கரை தட்டினால் ஒரு ரிங், பஸ் ஏறினால் ஒரு ரிங். கதையும் தேவையில்லை, காசும் போகாது. இரண்டு தரம் அடித்தால் செத்தவீடு என்று அர்த்தம். அதனால் யாரும் சும்மா இரண்டு தரம் அடிக்கமாட்டார்கள். அக்கா தன் பொத்தான் போனில் தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு ரிங் தரவேண்டும். எழும்பிவிட்டேன், சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நான் ஒரு ரிங் திருப்பிக் கொடுப்பேன். ஏழு மணிவரை வராவிட்டால் நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்வேன். அங்கும் ஆள் இல்லாவிட்டால் நானே வெளிக்கிடுவேன். மகள் இதற்கு ஒத்துக்கொண்டாள். "சின்னம்மா, உங்களை நம்பித்தான்" என்றாள். அந்த ஒரு ரிங்கில்தான் அக்கா தன் வீட்டில் இருந்தாள்.

எட்டு மாதம் அது தவறாமல் நடந்தது. ஒரு சங்கடம் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் ரிங்குக்குப் பதில் அடிக்கப் போனைக் கையில் எடுப்பேனா, எடுத்த கை அதைக் கீழே வைக்காது. ஒரு நிமிசம் என்று குந்துவேன். ஏழரை ஆகிவிடும். காலைப் பொழுதுதான் துணி வெட்டுகிற பொழுது. கை ஆடாது, கண்ணும் தெளிவாக இருக்கும். அந்தப் பொழுது அப்படியே போனுக்குள் போய்க்கொண்டிருந்தது. குடிகாரனுக்கு ஆட்டோ கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறவனைப்போல அக்கா எனக்கு ஆகிவிட்டாள் என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். நினைத்தேன் என்று எழுதவே கை கூசுகிறது.

ஒருநாள் கூறைச் சாறிக்கான பிளவுஸ் ஒன்றை வெட்டினேன். வாய் திறந்தபடி போனில் பூனையைப் பார்த்துக்கொண்டே வெட்டினதில் இரண்டு கையும் இடக்கையாக வெட்டுப்பட்டுவிட்டது. மிச்சத் துணி ஒரு சாண்கூட இல்லை. கல்யாணப் பெண்ணின் தமக்கை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை. அவள் வந்து பார்த்தாள், மேசையில் தானாக ஓடிக்கொண்டிருந்த போனையும் பார்த்தாள். ஏசவில்லை. நான் கைக்கு வேறு துணி ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்று அழாக்குறையாகச் சொல்ல, அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, "அன்ரி, முதல்ல போனைத் தாங்கோ" என்றாள்.

ஒரு மணித்தியாலம் இருந்து திருத்தினாள். வீடியோப் பெட்டிகளை முகப்பிலிருந்து எடுத்து, தேடினாலும் கிடைக்காத ஒரு மூலைக்குள் போட்டாள். இதைப் பார், அதைப் பார் என்று மேலிருந்து வந்து விழுகிற செய்திகளை நிறுத்தினாள். கூப்பிட்டவர்களின் எண்ணிக்கையைக் காட்டுகிற சிவப்புப் புள்ளியை அழித்தாள். கடைசியில் நிறத்தையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கினாள். நிறம் இல்லாவிட்டால் கண் சலித்துப்போகுமாம். அது எனக்குச் சரிவரவில்லை. அடுத்த கிழமையே குச்சவெளிக்காரி ஒருத்தி அனுப்பிய சாறிப் படத்தைப் பார்த்து, கடும்பச்சைச் சாறிக்கு மெரூன் உள்துணி வாங்கி வெட்டிவிட்டேன். இரண்டும் ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு, "அன்ரி, போனுக்கு வைத்தியம் பாத்தனீங்கள் சரி, உங்கட கண்ணுக்குமோ பாத்தனீங்கள்?" என்று கேட்டுச் சிரித்தாள். நிறத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

மற்றது எல்லாவற்றையும்விடப் பெரியது. தொந்தரவு செய்யாதே என்று ஒரு பகுதி போனுக்குள் இருக்கிறது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை யார் எடுத்தாலும் போன் வாய் திறக்காது. நாம் எழுதி வைக்கிற ஆட்களின் அழைப்பு மட்டும் கேட்கும். காலை ஐந்தரையிலிருந்து பத்துவரை அப்படி வைப்போம் என்றாள். யார் யாருடைய அழைப்பை உள்ளே விடவேண்டும் என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்றேன், மகன் என்றேன்.

"வேற ஆர் அன்ரி? காலமையில கட்டாயம் எடுக்கிற ஆக்கள்?"

அக்காவின் பெயர் வாய்க்குள் வந்தது. அது வந்த அதே நேரத்தில், ஆறு மணி, அந்த ஒரு ரிங், போனை எடுக்கிற என் கை, எல்லாமும் வந்தது. அவளை உள்ளே விட்டால் மற்ற எல்லாமும் அவளோடு சேர்ந்து வரும்.

"வேற ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவள் நல்ல பிள்ளை. பயப்படத் தேவையில்லை, ஒரே ஆள் பதினைந்து நிமிசத்துக்குள் இரண்டு தரம் எடுத்தால் பட்டியலில் இல்லாவிட்டாலும் மணி கேட்கும் என்று சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டேன். ஏதும் ஆகிவிட்டால் அக்கா இரண்டு தரம் அடிப்பாள்தானே. சுகமாக இருக்கிறேன் என்று சொல்கிற ரிங்கைப் பத்து மணிக்குப் பார்த்தால் என்ன குடி மூழ்கிவிடும்? இப்படி நினைத்தவளுக்கு, ஏதும் ஆனால் அவளால் ஒரு தரமும் அடிக்க முடியாது என்பது தெரியவில்லை. அந்தக் காவலே, ரிங் வராததைக் கவனிக்கிற காவல். வருகிற சத்தத்தை நிறுத்தவும் விடவும் போனில் நூறு வழி இருக்கிறது. வராத சத்தத்துக்கு ஒரு வழியும் இல்லை. அதற்கு ஒரு மனிசர்தான் காது கொடுத்துக்கொண்டு இருக்கவேண்டும். அந்த மனிசி நான்தான்.

அன்று பின்னேரம் அக்காவுக்கு எடுத்து, வேலை கூடிவிட்டது, இனிப் பத்து மணிக்குத்தான் திருப்பி ரிங் தருவேன் என்று சொன்னேன்.

"நீ அடிக்காட்டியும் காரியமில்லை தங்கச்சி" என்றாள். "நான் அடிக்கிறது உன்ர காதில விழுந்தால் காணும்."

"விழும், விழும்" என்றேன்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி உண்மை சொல்லவேண்டும். நன்றாக இருந்தது. அலுமாரிக்குள் போனை வைத்துப் பூட்டிவிட்டு மேசைக்கு வந்தால், கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. வீட்டுக்காரரின் சாரத்தை மூட்டினேன். கூறைச் சாறி பிளவுஸுக்குப் போட்ட ஒட்டுக் கையைப் பார்த்து, அதே மாதிரித் தைத்துத் தாருங்கள் என்று இரண்டு பேர் வந்தார்கள். போனிலும் உபயோகமானது மட்டும் மிஞ்சியது: அளவு, படம், வருகிற நாள். மீன்கார அக்காகூட, "இப்ப முகத்தில ஒரு வெளிச்சம் தெரியுது" என்று சொன்னாள். முதல் கிழமை பத்து மணி அடிக்கப் போனை எடுத்து, அக்காவின் ரிங் இருக்கிறதா என்று பார்த்துப் பதில் கொடுத்தேன். பிறகு பதினொன்று, பன்னிரண்டு. பிறகு சமைத்து முடித்துப் பார்ப்பேன். சிவப்புப் புள்ளியும் இல்லைத்தானே, நானாகத் தேடிப் போனால்தான் தெரியும். இடையில் சில நாட்கள் பார்க்கவேயில்லை. அடுத்த நாள் பார்த்தால் இரண்டு ரிங்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்கு அக்காவின் சுகம் புளித்துப்போனது.

அந்தப் புதன்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு ஒன்பது பிளவுஸ் முடிக்கவேண்டியிருந்தது. ஆறு முடித்தேன். போனை எடுத்தது பின்னேரம் ஒரே ஒரு தரம், நூல் நிறம் பார்க்க. வியாழக்கிழமை பதினொரு மணிபோலத் தேநீர் குடித்துக்கொண்டு ரிங்குகளைப் பார்த்தேன். அக்காவுடைய கடைசி ரிங் செவ்வாய்க்கிழமை.

சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு, கையில் இருந்த சட்டைக்கு இரண்டு கொக்கி தைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு கொக்கி.

பிறகு எடுத்தேன். அக்காவின் போன் அடித்து அடித்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரிக்கு எடுத்தேன். அவர்கள் குடும்பமாகக் கிளிவெட்டிக்கு அறுவடைக்குப் போய் மூன்று நாள். அவள் தன் ஊர்ச் சந்திக் கடைக்காரருக்குப் போன் பண்ணி, போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள். நான் கத்தரிக்கோலைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கிண்ணியாப் பாலம் தாண்டுகிறபோது கடைக்காரர் எனக்கு எடுத்தார். உயிர் இருக்கிறது, மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்.

அக்கா புதன்கிழமை விடியப்புறம் முகம் கழுவப் போய்க் கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. போன் குசினிக்குள். கத்திப் பார்த்தாள், கேட்க ஒருவரும் இல்லை. புதன் பகல் முழுக்க வெயிலில், புதன் இரவு பனியில், வியாழன் மதியம்வரை அங்கேயே கிடந்தாள். வாளி கிணற்றுக் கட்டில் இருந்தது, எட்டவில்லை. கிணற்றடியில் கிடந்து தண்ணீர் விடாய்த்து நாக்கு தடித்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் முதலில் சிரித்தாள். ஊசி மருந்தின் மயக்கத்தோடு மெல்ல மெல்லச் சொன்னாள்.

"எனக்குப் பயமில்லை தங்கச்சி. ஏழு மணிக்கு நீ பக்கத்து வீட்டுக்கு அடிச்சிருப்பாய். அவள் இல்லையெண்டு கண்டு நீ வெளிக்கிட்டிருப்பாய். எட்டு மணி பஸ் எண்டு நினைச்சன். அது தவறினால் ஒன்பதரை. பஸ் ஒவ்வொண்டா எண்ணிக்கொண்டு கிடந்தனான்."

புதன்கிழமை கடைசி பஸ்வரைக்கும் எண்ணியிருக்கிறாள். வியாழன் விடிய முதல் பஸ்ஸிலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். போன் பழுதாகிக் கிடந்தது அக்கா என்று வாய் சொன்னது.

"அதுதானே பாத்தன்" என்றாள். "பழுதெண்டால் நீ என்ன செய்யிறது." என் கையைத் தடவிவிட்டாள்.

இடுப்பில் கம்பி வைத்துத் தைத்து, மூன்றாம் கிழமை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவளின் கதையை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். கொளுத்தினது என் வீடாகவாவது இருந்திருக்கலாம். அக்கா கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொரு நாளும் தேறினாள். காலைப் பிடித்து ஆட்டி அசைக்க வருகிற தாதிப் பிள்ளை, நாலு மாதத்தில் நாலுகால் நடைச்சட்டம் பிடித்துக்கொண்டு நடப்பா என்றாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தை பிறக்க வீட்டுக்குப் போய்விடலாம், கிணற்றடிச் சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கினால் போதும், முருங்கை காய்க்கத் தொடங்கியிருக்கும். என் வீட்டுக்காரரைக் கொண்டு கொத்தனாருக்கும் சொல்லுவித்துவிட்டாள்.

மகள் வீடியோவில் வந்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நான் கட்டிலின் பக்கத்தில் நின்றேன். அக்கா தன் கதையைச் சொன்னாள், சின்னம்மாவின் போன் பழுதானதையும் சொன்னாள், எனக்காக வழக்காடுகிறவளைப்போல. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கண் வீங்கியிருந்தது. அவள் கெட்ட பிள்ளையல்ல. கடைசியில் என்னைத்தான் கேட்டாள்.

"சின்னம்மா, அம்மா இவ்வளவு ஆசைப்படுறா. முந்தின மாதிரி நீங்கள் பாப்பீங்களெண்டால் நான் தடுக்கேல்லை. உங்களால ஏலுமோ? ஏலுமெண்டால் ஏலும் எண்டு சொல்லுங்கோ."

ஏலும் என்று சொல்லியிருக்கலாம். அக்காவைப் பட்டியலில் முதல் ஆளாக எழுதி ஒரு மாதமாகிவிட்டது. ஆனால் என் கையை எனக்குத் தெரியும். ஆறு மாதம், எட்டு மாதம் கவனமாக இருக்கும். பிறகு ஒரு கல்யாண வீட்டுத் தையல் வரும். எந்தப் பட்டனை அமர்த்தி அதைத் திருத்துவது?

"ஏலாது" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் தங்கச்சி? போன் பழுதெண்டால் புதுசு வாங்கலாம்தானே."

"போன் பழுதாகேல்லை அக்கா" என்றேன். "காலமையில உன்ர ரிங் கேக்காத மாதிரி நான்தான் வைச்சனான். வேலை குழம்புதெண்டு."

"எப்ப இருந்து?"

"ரெண்டு மாசம்."

அக்கா கேட்டாள், கோபமில்லாமல், தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல:

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் விடிய ஆருக்கு அடிச்சனான்?"

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா போனைப் பார்த்து, "வீட்டை ஆருக்கெண்டாலும் வாடகைக்குக் குடு பிள்ளை" என்று மகளுக்குச் சொன்னாள். "சாமியறையை மட்டும் ஒழுங்கா வைச்சிருக்கிற ஆக்களாப் பாத்துக் குடு."

வீடு கொடுபட்டுவிட்டது. அக்கா சட்டம் பிடித்து முன்னறைவரை நடக்கிறாள். தையலுக்கு வருகிற பெண்களோடு இரண்டொரு வார்த்தை கதைப்பாள். என்னோடும் கதைக்கிறாள், கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் என்றால் அது ஆறும் என்று காத்திருக்கலாம். முந்தி, தண்ணி கொண்டா தங்கச்சி என்று அதட்டுவாள். இப்போது நான் மெசினை நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாய் திறக்கிறாள்.

"உனக்குக் கரைச்சல் இல்லையெண்டால்" என்கிறாள், "கொஞ்சம் தண்ணி."